விமானத்தில் இறங்கி ரயிலில் ஏறுவது: ஐரோப்பாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவுக்கு டிக்கெட் தேடுகிறவர்களில் பலர், போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரையே விமானத் தேடலில் தட்டுகிறார்கள். கொலோனுக்குப் போகிறவர் கொலோன் என்று தட்டுவார். முனிக் வழியாகவோ வியன்னா வழியாகவோ சுற்றிப் போகும் ஒரு டிக்கெட் கிடைக்கும். ஆனால் பிராங்ஃபர்ட் விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் நிற்கிறது. அதில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொலோன். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்தப் பாதை 2002இல் திறக்கப்பட்டது. 2007இல் லுஃப்தான்சா பிராங்ஃபர்ட்டுக்கும் கொலோனுக்கும் இடையே பறப்பதையே நிறுத்திவிட்டு, தன் பயணிகளை ரயிலில் அனுப்பத் தொடங்கியது. விமான நிறுவனமே ரயிலில் அனுப்பும் தூரத்துக்கு நாம் விமானம் தேடுவதில் பொருளில்லை.

இந்த வழியில் போவதற்குத் துணிச்சல் தேவையில்லை, கொஞ்சம் முன்யோசனை போதும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால், அடுத்த ரயிலில் நம்மை ஏற்றிவிடுவது யார் பொறுப்பு? விமான நிறுவனமா, ரயில்வேயா, நாமேவா? மற்ற எல்லா முடிவுகளும் இந்த விடையைப் பொறுத்தவை.

முதலில் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா விமான நிலையங்களிலும் ரயில் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்துக்குள் போகும் புறநகர் ரயில் வேறு, பிற ஊர்களுக்குப் போகும் நெடுந்தூர ரயில் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பிராங்ஃபர்ட்டில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. முதல் முனையத்துக்கு அடியில் இருப்பது ரெகியோனால்பான்ஹோஃப். எஸ்8, எஸ்9 புறநகர் ரயில்களும் வட்டார ரயில்களும் அங்கே வரும், நடைமேடைகள் 1 முதல் 3 வரை. அதிவேக ஐ.சி.இ. ரயில்கள் நிற்பது 1999இல் திறந்த ஃபேர்ன்பான்ஹோஃப். நடைமேடைகள் 4 முதல் 7 வரை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான நடைமேடையில் பெட்டிகளோடு நிற்கும் குடும்பங்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். டிக்கெட்டில் நடைமேடை எண் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூரையிட்ட நடைபாலத்தைக் கடந்து போக வேண்டும் என்று நினைவில் வையுங்கள். வேறு முனையத்தில் இறங்கினால், முதல் முனையத்துக்கு இலவச இணைப்பு வண்டி உண்டு.

பாரிஸ் சார்ல்ஸ் டி கோலில் இரண்டாம் முனையத்தோடு ஒட்டியே, பிரான்சின் அதிவேக ரயிலான டி.ஜி.வி.யின் நிலையம் இருக்கிறது, 1994 முதல். லீல், லியோன், மார்செய், ஸ்ட்ராஸ்பூர், பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் பாரிஸ் நகருக்குள் நுழையவே வேண்டாம். முதல் முனையத்திலோ மூன்றாவதிலோ இறங்கினால், சி.டி.ஜி.வால் என்ற இலவசத் தானியங்கி ரயில் கொண்டுபோய் விடும். பாரிஸ் நகருக்குள் லா ஷப்பல் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த டி.ஜி.வி. வேண்டாம், ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் போய் இறங்கினால் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் இவை எல்லாவற்றிலும் எளிது. வெளியே வரும் கூடத்துக்கு நேர் கீழே நடைமேடைகள். ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் போகும் யூரோஸ்டார் ரயில்களும் அங்கேயே நிற்கும். சூரிச்சிலும் ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு அடியில்தான். நகரின் மைய நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பேர்னுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வியன்னாவில் ரெயில்ஜெட் வண்டிகள் லின்ஸ், சால்ஸ்பூர்க் வரை நேரே போகும். கோபன்ஹேகனில் ஏறினால் கடற்பாலத்தைக் கடந்து அரை மணிக்குள் ஸ்வீடனின் மால்மோவில் இறங்கலாம்.

மலிவு விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பிராங்ஃபர்ட்-ஹான் என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெயரில்தான் பிராங்ஃபர்ட். நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதற்கு ரயில் நிலையமே கிடையாது. டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரை முழுவதுமாகப் படியுங்கள்.

லண்டனில் இறங்கி யூரோஸ்டாரில் பாரிஸ் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது இரண்டு விசா செலவு: பிரிட்டனுக்கு ஒன்று, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்கு ஒன்று. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து யூரோஸ்டார் கிளம்பும் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, மறுபடியும் பாஸ்போர்ட் வரிசை. ரயில் புறப்படுவதற்கு 30 நிமிடத்துக்கு முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். லண்டனில் சில நாள் தங்கும் எண்ணம் இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

மூன்று வகை டிக்கெட்

முதல் வகையில் ரயிலும் விமான டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். ரயிலுக்கே ஒரு விமான எண் கொடுத்திருப்பார்கள். லுஃப்தான்சாவின் எக்ஸ்பிரஸ் ரெயில், ஏர் பிரான்சின் டிரெயின் பிளஸ் ஏர், கே.எல்.எம்.இன் ஏர் அண்ட் ரெயில், ஆஸ்திரியன், ஸ்விஸ் நிறுவனங்களின் ஏர்ரெயில் எல்லாம் இந்த வகை. விமானத் தேடலில் பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையம் இசட்.ஒய்.ஆர். என்றும், கொலோன் மைய நிலையம் க்யூ.கே.எல். என்றும் விமான நிலையம் போலவே குறியீட்டோடு வரும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ரயில்தான்.

விமானம் தாமதமாகி ரயிலை விட்டால் அடுத்ததில் இடம் கொடுப்பது இந்த வகையில் விமான நிறுவனத்தின் பொறுப்பு. முதல் முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், தனியாகப் பயணம் செய்யும் வயதான பெற்றோர் ஆகியோருக்கு இதையே எடுங்கள்; விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக் கூடாது. விமானத்துக்குச் செய்வது போலவே ரயில் கட்டத்துக்கும் செக்-இன் செய்ய வேண்டும். அடுத்தது, ஊர் திரும்பும்போது முதல் கட்டமாக இருக்கும் ரயிலில் ஏறாமல், நண்பரின் காரில் நேரே விமான நிலையம் போய்விடக் கூடாது. முதல் கட்டத்துக்கு வராதவர் என்று பதிவாகி, மீதிப் பயணமும் ரத்தாகிவிடலாம்.

இரண்டாவது வகை ஜெர்மனியின் ரெயில் அண்ட் ஃப்ளை. பல விமான நிறுவனங்கள் இதைத் தங்கள் டிக்கெட்டோடு சேர்த்துத் தருகின்றன, சில சமயம் கூடுதல் கட்டணத்துக்கு, சில சமயம் அதே விலையில். இதில் குறிப்பிட்ட ரயில் என்று எதுவும் இல்லை. ஐ.சி.இ. உட்பட எந்த ரயிலிலும் ஏறலாம். வந்து இறங்கும் நாளிலும் மறுநாளும் செல்லும். திரும்பும்போது விமான நாளுக்கு முந்தைய நாளிலிருந்தே செல்லும். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் டிக்கெட் வீணாகாது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் திரும்பும் பயணத்தில் ரயில் தாமதமாகி விமானத்தை விட்டால் பொறுப்பு பயணியுடையது. இருக்கை ஒதுக்கீடும் இதில் சேராது. சில யூரோ கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் குறியீட்டை இணையத்தில் கொடுத்து ரயில் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் வேலையை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வகை, ரயில் டிக்கெட்டைத் தனியாக வாங்குவது. பல சமயம் மலிவாக முடியும். ஆபத்தும் இதில்தான் அதிகம். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் ஷ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அந்த ரயிலே தாமதமாகி, போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால், கட்டுப்பாடு நீங்கி வேறு ரயிலில் போகலாம். உங்கள் விமானம் தாமதமானால் அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும், அன்றைய விலைக்கு. பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏ.வி.இ. எல்லாவற்றிலும் இருக்கை ஒதுக்கீடு கட்டாயம் என்பதால் நிலைமை அதுவேதான்.

ஆகவே தனித்தனியாக வாங்குகிறவர்கள் வந்து இறங்கும் நாளுக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸ் டிக்கெட்டையே வாங்குங்கள். மலிவு டிக்கெட்டைப் பயணத்தின் நடுவில் வரும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்துக்கு இந்தக் கவலை வேண்டாம். உள்நாட்டு ரயில்களுக்கான சாதாரண டிக்கெட் அன்றைய எந்த ரயிலுக்கும் செல்லும். இறங்கிய பிறகு இயந்திரத்தில் வாங்கினாலும் அதே விலைதான். சூரிச்சில் இறங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

எவ்வளவு நேரம் விட வேண்டும்

ஷெங்கனுக்கு வெளியிலிருந்து வருகிறவருக்குப் பாஸ்போர்ட் வரிசை உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவுப் பதிவு முறையில், குறுகிய காலம் தங்க வருகிறவர்களின் கைரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள். முதல் முறை வருகிறவருக்கு இதனால் கூடுதல் நேரமாகும். அதன் பிறகு பெட்டிகள் வர வேண்டும். பிறகு நிலையத்துக்கு நடக்க வேண்டும். விமானம் தரைதொடும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் கழித்துப் புறப்படும் ரயிலை எடுங்கள் என்பதே என் கருத்து. சூரிச்சில் இரண்டு போதும். முன்கூட்டியே வெளியே வந்துவிட்டால் ஒரு காபி குடித்துவிட்டு உட்காரலாம். நஷ்டம் எதுவும் இல்லை.

கடைசி ரயிலை நம்பாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் இறங்கும் விமானத்துக்குப் பின்னால் நெடுந்தூர ரயிலைக் கோக்காமல், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட் வரும் நேரடி விமானம் காலையில் இறங்குவது இந்த வகையில் வசதி, முழுப் பகலும் கையில் இருக்கும். இரவு ரயிலையும் விமானத்தோடு இணைக்க வேண்டாம். அதை விட்டால் ஒரு ராத்திரியே போய்விடும்.

திரும்பும் பயணத்தில் கணக்கு மாறுகிறது. வந்திறங்கும்போது ரயிலை விட்டால் இழப்பது ஒரு ரயில் டிக்கெட். திரும்பும்போது ரயில் தாமதமானால் இழப்பது விமானம். டாய்ச்ச பானின் நெடுந்தூர ரயில்களில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடு மட்டுமே. ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அதை அவர்கள் நேரத்துக்கு வந்ததாகவே எண்ணுகிறார்கள். ஜெர்மன் ரயில்களின் துல்லியம் பற்றிய பழைய பெருமையை நம்பி யாரும் விமானத்தை விட வேண்டாம். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி ஒரு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதற்கும் முந்தைய ரயிலில் ஏறுங்கள். வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால் இன்னும் ஒன்று முன்னால். ஜெர்மனியிலிருந்து சூரிச் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தாமதமாக வரும் ஜெர்மன் ரயில்களைச் சுவிஸ் ரயில்வே பாசலோடு நிறுத்திவிடுவது வழக்கம். பதற வேண்டாம், அங்கே சுவிஸ் ரயில் ஒன்றில் மாறிப் போகலாம்.

பெட்டிகள், பெயர்கள், விசா

பதிவு செய்த பெட்டிகள் விமான நிலையம் வரைதான் வரும் என்று எண்ணியே தயாராகுங்கள். ரயில் ஒரே டிக்கெட்டில் இருந்தாலும் பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, ரயிலில் ஏற்றுவது நாமே. பெரும்பாலான ஐரோப்பிய ரயில் நிலையங்களில் போர்ட்டர் கிடையாது. 23 கிலோப் பெட்டி இரண்டும் முதுகுப் பையும் தோளில் ஒரு லேப்டாப் பையுமாக வரும் மாணவர்கள் இதை வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும்: எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தனி ஆளாக மூன்று படி ஏற முடிகிறதா? முடியாவிட்டால் எடையைக் குறையுங்கள். டி.ஜி.வி. இனுயி ரயில்களில் 2024 முதல் பெரிய பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று என்று வரம்பு வைத்து, மீறினால் அபராதமும் விதிக்கிறார்கள். பெட்டியில் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். மலிவான உய்கோ ரயில்களில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. டி.ஜி.வி. கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும், ஓடிப் போய்த் தொற்றிக்கொள்ளும் வேலை அங்கே நடக்காது.

நம்மவர்களுக்குப் பெயரில்தான் அதிகச் சிக்கல். இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்தும் இன்னொரு இடத்தில் சுருங்கியும் இருக்கும். குடும்பப் பெயர்ப் பெட்டியில் தந்தை பெயரைப் போடுவதா, ஊர்ப் பெயரையா என்று தடுமாறுவோம். டாய்ச்ச பானின் இணைய டிக்கெட்டுகள் பயணியின் பெயருக்கே வழங்கப்படுகின்றன, பரிசோதகர் அடையாளச் சான்று கேட்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, விமான டிக்கெட்டில் உள்ளபடியே ரயில் டிக்கெட்டிலும் எழுதுங்கள்.

இந்திய வங்கி அட்டையில் பணம் கட்டும்போது ஓ.டி.பி. நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றிவிட்டால் நடைமேடையில் நின்றுகொண்டு டிக்கெட் வாங்க முடியாது. அந்த எண்ணில் வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வரும்படி செய்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்கெட்டைத் தொலைபேசியில் இறக்கி வைத்தாலும் காகிதத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். நீண்ட பயணத்துக்குப் பின் முதலில் உயிர்விடுவது பேட்டரிதான்.

விசாவைப் பொறுத்தவரை ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. எந்த நாட்டில் இறங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். குறுகிய கால ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம நாட்கள் தங்கினால்தான் முதலில் நுழையும் நாடு என்ற கணக்கு வருகிறது. பிராங்ஃபர்ட்டில் இறங்கி ரயிலில் சுவிட்சர்லாந்து போய் இரண்டு வாரம் மகள் வீட்டில் தங்குகிறவர் சுவிஸ் விசாவோடு வரலாம். பாஸ்போர்ட் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த ரயில் டிக்கெட் உதவும். ரயிலிலும் பாஸ்போர்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது.

ஓர் உதாரணம்: சென்னையிலிருந்து ஆகன்

ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். காலையில் பிராங்ஃபர்ட்டில் இறங்குகிறாள். பாஸ்போர்ட், பெட்டிகள் முடிந்ததும் ஃபேர்ன்பான்ஹோஃப் பலகைகளைப் பின்தொடர்கிறாள். பிரஸ்ஸல்ஸ் போகும் ஐ.சி.இ. இங்கே நின்று, கொலோன், ஆகன், லியேஜ் வழியாகப் போகும். வண்டி மாறவே வேண்டாம். அது நாளுக்குச் சில முறைதான் என்பதால், இடையில் வந்துவிட்டால் கொலோன் வரை ஓர் ஐ.சி.இ., அங்கிருந்து வட்டார ரயில். கொலோனில் மாறும்போது பெரிய பெட்டிகளோடு 20 நிமிடமாவது இடைவெளி இருக்கும் வண்டியாகப் பார்க்க வேண்டும்.

நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துகள் தொங்கும். எந்த ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று திரையில் காட்டுவார்கள். டிக்கெட்டில் உள்ள பெட்டி எண்ணைப் பார்த்து அங்கே போய் நிற்க வேண்டும். சில ஐ.சி.இ. வண்டிகள் இரண்டு ரயில்களை இணைத்து ஓட்டப்படுபவை. வழியில் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். ஏறுவதற்கு முன் பெட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்துவிட வேண்டும். டாய்ச்சுலாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச் சீட்டையோ பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் டிக்கெட்டையோ வைத்துக்கொண்டு ஐ.சி.இ.யில் ஏறக் கூடாது, அவை வட்டார ரயில்களுக்கு மட்டும்.

அவளுக்கு நான் ரெயில் அண்ட் ஃப்ளை சேர்ந்த விமான டிக்கெட்டையே சொல்வேன். எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற நிம்மதி, முதல் நாளில் பெரிய சொத்து.

பெற்றோரை அழைக்கிறவர்களுக்கு

விமானத்தில் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அந்த உதவி விமான நிலையத்தோடு முடிந்துவிடும். ரயில் நிலையத்தில் ஏற்றி இறக்கும் உதவியைத் தனியாகக் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். இதைப் பிள்ளைகளே பதிவு செய்துவிடுங்கள். முடிந்தால் வண்டி மாறாத ரயிலாகப் பாருங்கள், ஒரு மணி நேரம் கூடுதலானாலும். அதைவிட நல்லது, நீங்களே விமான நிலையத்துக்கு வந்து அவர்களோடு ரயிலில் போவது.

தாமதமானால் கேட்க வேண்டியவை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதிப்படி, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் சென்னையிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் பட்சத்தில், இழப்பீடு கேட்கலாம். நீண்ட தூரத்துக்கு அது 600 யூரோ வரை. வளைகுடா நிறுவனத்தின் விமானத்தில் ஐரோப்பாவுக்குள் வருகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அதே நிறுவனத்தில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது பொருந்தும். ரயிலுக்கு 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் விதி: ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தாமதம் என்றால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் 50 விழுக்காடு. ரயில் தாமதத்தால் தனி டிக்கெட்டில் உள்ள விமானம் தவறினால், விமானத்தின் விலையை ரயில்வே தராது.

ரயில் தாமதமானால் தகவல் மேசையில் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸை ஊர் சேர்ந்ததும் கிழித்துப் போட வேண்டாம். ரயிலுக்கான விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது. பெரும்பாலும் இணையத்திலேயே முடிந்துவிடும்.